மார்பில் கிடந்த கை

பாம்பனில் லூர்து மேரியின் கணவன் சவேரியாரைக் கடல் கொண்டுபோய் மூன்று வருடமாகிறது. படகு திரும்பி வந்தது, ஆள் வரவில்லை, உடலும் எங்கும் ஒதுங்கவில்லை. மாதா கோயிலில் அவனுக்குப் பூசை வைக்கச் சொல்லிச் சொந்தக்காரர்கள் நச்சரித்தார்கள். மேரி ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்.

“செத்தவுகளுக்குத்தான பூசை வைப்பாக.”

அவள் புத்தி பிசகியவள் இல்லை. கருவாட்டு வியாபாரத்தில் அவள் கண்ணில் மண்ணைத் தூவ இன்னும் ஒருவன் பிறக்கவில்லை. ஆனால் வீட்டுக்குச் சவேரியார் வந்துபோவது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை எப்படி இல்லை என்பாள்?

இங்கே விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு மறுநாள் என்று முறை. விசைப்படகு காலையில் போனால் இரவெல்லாம் கடலில் கிடந்து, மறுநாள் விடிந்துதான் கரைக்கு வரும். படகில் புருஷனை அனுப்பியவளுக்கு அந்த இரவில் தூக்கம் ஏது? மேரியும் கலியாணமானதிலிருந்து விழித்தே பழகியவள். அவன் வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு இருவரும் படுப்பார்கள். மல்லாந்து கிடக்கும் அவள் மார்பின் மேல் கையைப் போட்டபடி அவன் தூங்கிப்போவான். என்ன கனம் அந்தக் கை!

அவன் போன பிறகும் அவள் உடம்பு அந்த வழக்கத்தை விடவில்லை. படகுகள் போன இரவுகளில் விழித்திருந்து, காலையில் படுத்தாள். கண் திறந்திருக்கும், கைகால் அசையாது, மார்பில் ஒரு பாரம் வந்து அழுத்தும். அக்கம்பக்கத்தில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். மேரி ஒரு நாளும் பயப்படவில்லை, ஏனென்றால் அது அவளுக்குப் பழகிய கனம். படகு வந்த காலைகளில் மட்டுமே அது வந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் கட்டிக் கிடந்தபோது ஒரு தடவைகூட வரவில்லை. அவன்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தங்கச்சிமடத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் ஷெரின் ஒரு காலையில் வந்தபோது, அம்மா கண் திறந்தபடி விறைத்துக் கிடப்பதைப் பார்த்தாள். வலிப்பு என்று பதறி, ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் சத்யப்பிரியா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“கனவுல எந்திரிச்சு ஓடிராம இருக்க, தூக்கத்துல மூளை நம்ம கைகாலைக் கட்டிப்போட்டுரும்மா. சில நேரம் முழிப்பு முந்திக்கும், கட்டு அவிழ லேட்டாகும். அப்பத்தான் நெஞ்சுல யாரோ இருக்கிற மாதிரி தெரியும். ராத்திரி தூங்காம காலையில மல்லாந்து படுத்தா கூடுதலா வரும்.”

“அப்ப தடைக்காலத்துல ஏன் வரல?”

“அப்ப நீங்க ராத்திரி தூங்கியிருப்பீங்க.”

ஆமாம், தூங்கினாள்தான். அந்த டாக்டர் ஈவிரக்கம் இல்லாதவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

“பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒருக்களிச்சுப் படும்மா, சரியாயிரும்,” என்று பஸ்ஸில் ஷெரின் சந்தோஷமாகச் சொன்னாள்.

டாக்டர் சொன்னபடி ராத்திரியில் தூங்கினாள், ஒருக்களித்துப் படுத்தாள். அவன் வரவில்லை. ஒருக்களித்துப் படுத்தால் வராமல் போகிறவன் என்ன புருஷன்? மேரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை வரச் சில நாள் பிடித்தது. வந்த பிறகு நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசைக்கு எழுதிக்கொள்ளும் உபதேசியாரிடம் போய் நின்றாள்.

“சவேரியார் பேருக்கு ஒரு பூசை வைக்கணும்.”

அவளை அறிந்தவர் என்பதால் அவர் தயங்கித்தான் கேட்டார்.

“நன்றிப் பூசையாம்மா?”

“இல்ல. இறந்தவுகளுக்கு.”

பூசை முடிந்த வாரத்தில் படகுகள் போன ஒரு இரவு மேரி வேண்டுமென்றே தூங்காமல் இருந்தாள். காலையில் மல்லாந்து படுத்தாள். அவனுக்குப் பூசை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

பாரம் வந்தது. அதே இடம், அதே கனம். அவனுடைய பெயரைச் சொல்ல நினைத்தாள், அந்தப் பெயர் அதற்குப் பொருந்தவில்லை. யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கத்த வாய் திறக்கவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக லூர்து மேரி பயந்தாள். அது போய்விட வேண்டும் என்று மாதாவை வேண்டினாள்.

அது போய்விட்டது.