கழிமுகத்தில் நான் சொல்லாமல் விட்டது

1. உட்காரும் திசை

தீயணைப்புத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து, திண்டிவனத்தில் ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. பக்கிங்காம் கால்வாயில் மூன்று நாள் துடுப்புப் படகுச் சுற்றுலா நடத்தும் ஒரு சின்னக் குழுவில் சேர்ந்தேன். என் வேலைக்குப் பெயர் காக்ஸ். நாலு பேர் துடுப்புப் போடுவார்கள். நான் படகின் பின்முனையில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு வழி சொல்வேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். துடுப்புப் போடுகிறவர்கள் படகு போகும் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். முன்னால் இருப்பது காக்ஸ் ஒருவனுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் நாள் முழுக்க அவன் முகத்தைப் பார்த்தபடியே இழுப்பார்கள்.

ஒரு பயணத்தின் முதல் நாள் மாமல்லபுரம் பக்கம் படகு ஏறும்போதே கஸ்தூரி அம்மா கேட்டுவிட்டார். ஒலக்கூரில் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர், ஐம்பது வயதிருக்கும்.

"இன்னா சார், ஊரப் பாக்கலாம்னு வந்தா முதுவக் காட்டி உக்கார வெக்கிறீங்க? எங்க போறோம்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் இருக்கேம்மா. நான் சொல்றேன்" என்றேன்.

பெரிய வாய்தான் எனக்கு.

2. மூன்றாம் நாள்

மரக்காணம் தாண்டிக் கால்வாய் கழிமுகத்தில் சேருகிறது. எதிர்க்கரைக்குப் போக ஒரு மணல்திட்டைச் சுற்ற வேண்டும். அதற்குக் கொஞ்ச தூரம் கடலைப் பார்த்தே படகை விட வேண்டும். கடல் ஏறும் நேரத்தில் அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. வற்றும் நேரத்தில் தண்ணீர் முகத்துவாரத்துக்கு இழுக்கும். அப்போது இறங்கவே கூடாது என்பது எங்கள் விதி.

எங்களோடு கிளம்பிய மற்ற மூன்று படகுகளும் நேரத்தோடு தாண்டிவிட்டன. கஸ்தூரி அம்மாவின் உள்ளங்கைக் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டதில் நாங்கள் பின்தங்கினோம். தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டதை நான் பார்த்தேன். நின்றால் உப்பளத்து வெயிலில் ஐந்தாறு மணி நேரம் நிற்க வேண்டும். எத்தனையோ வெள்ளத்தில் இறங்கி ஏறியவன் நான், இது எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டேன். "போலாம்" என்றேன்.

பாதி தூரத்தில் பார்க்கிறேன், அலை உடையும் வெள்ளைக் கோடு இருக்க வேண்டிய இடத்தைவிட மிகக் கிட்டத்தில் இருக்கிறது. பயந்துவிட்டேன். ஆனால் முகத்தில் காட்டவில்லை. நெருப்பு எரியும் இடத்தில் அதிகாரி பயந்தால் கூட்டமே கலைந்துவிடும் என்று பழகியவன் நான். சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், துடுப்புப் பிசகும் என்று நினைத்தேன்.

"மெதுவா, சமமா இழுங்க" என்றேன், ஒன்றும் நடக்காதது போல.

எனக்கு நேர் எதிரே இருந்த கஸ்தூரி அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். ஒரு கையை எடுத்து, கண்ணாடியில் வழிந்த வியர்வையைத் துடைத்தார். அந்த நேரத்தில் முதல் அலை அடித்தது. அவருடைய துடுப்பு தண்ணீரில் மாட்டிக்கொண்டு, கைப்பிடி திரும்பி நெஞ்சிலும் தோளிலும் இடித்து, அவரை வெளியே தள்ளிவிட்டது.

முன்முனையில் இருந்தவர் அன்சாரி பாய். கோட்டக்குப்பத்துக்காரர், வளைகுடாத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தவர். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்து, அந்த அம்மாவை எட்டிப் பிடித்தார். "ஜல்தி! திட்டுப் பக்கம் இழுங்க!" என்று தண்ணீரிலிருந்தே கத்தினார். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வந்த கரும்பு விவசாயிகள் இருவரும் மூச்சு முட்ட இழுத்தார்கள். படகு மணல்திட்டில் ஏறியது. லைஃப் ஜாக்கெட் இருந்ததால் அந்த அம்மா மிதந்தார். ஆனால் நிறையத் தண்ணீர் குடித்திருந்தார், மூச்சு இல்லை. நெஞ்சை அழுத்தினேன். எத்தனை தடவை என்று தெரியவில்லை. கடைசியில் இருமினார். நான் அழுதுவிட்டேன்.

அவரைக் கரை சேர்த்து ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிய பிறகு அன்சாரி பாய் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும் சார். உங்க மூஞ்சப் பாத்துக்கினுதான் நாங்க இழுத்தோம்."

ஆனாலும் குழுத் தலைவரிடம், "திடீர்னு அலை வந்துடுச்சு" என்று சொன்னேன். அவரும் நம்பினார்.

3. ஒலக்கூர்

மூன்று வாரம் கழித்துக் கஸ்தூரி அம்மா வீட்டுக்குப் போனேன். காறை எலும்பு முறிந்து தோளில் கட்டு. அவர் காப்பி போட எழுந்தார். நான் வேண்டாம் என்றேன்.

"ஏன் சார், நெசமாவே திடீர்னுதான் வந்துச்சா?"

ஆமாம் என்றால் அதோடு முடிந்திருக்கும். அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"இல்லம்மா. நான் பாத்தேன். நீங்க பயந்துடுவீங்கன்னு சொல்லல."

அடிபட்ட கையைப் பார்த்தபடி இருந்தார்.

"பயந்துதான் இருப்பேன் சார்" என்றார். "ஆனா ரெண்டு கையாலயும் புடிச்சிருப்பேன்."

அன்றைக்கே குழுத் தலைவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஒரு வருஷம் காக்ஸ் வேலை தரவில்லை; அது நியாயம்தான். இப்போது மறுபடி உட்காருகிறேன். பாறை, பாசி, அலை, என் சந்தேகம் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கிறேன். என் முகத்தில் பயம் இருந்தால் அதுவும் தெரியட்டும் என்று விட்டுவிடுகிறேன். இழுக்கிறவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.