குடும்பத்தோடு இருந்தால் கட்டுப்படியாகுமா

விடுமுறையில் ஊருக்கு வந்தால் என் உடம்பைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. தா.பழூர் கடைத்தெருவில் டீ குடிக்க நின்றால் போதும், முதல் கேள்வி இதுதான்: "குடும்பத்தோட இருக்கியே, கட்டுப்படி ஆவுதா?" கேட்கிறவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர்கள், மீதிப் பேர் மகனை அனுப்பி வைத்தவர்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். ஆனால் கேள்வி நியாயமானதுதான். அதற்கு நானே ஒரு காலத்தில் தப்பான பதிலைச் சொல்லி, என் மனைவியிடம் வசமாக மாட்டிக்கொண்டேன்.

ஷார்ஜாவில் கட்டுமானச் சாமான் விற்கிற ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். குழாய், வால்வு, ஸ்குரு என்று எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கிற வேலை. எங்கள் பக்கத்து ஆண்கள் அங்கே தனியாகத்தான் போவார்கள். ஒரு அறைக்கு எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் லீவு. என் அண்ணன் இப்படித்தான் குவைத்தில் பதினெட்டு வருடம் இருந்து, ஊரில் மாடி வீடு கட்டிவிட்டுத் திரும்பினார். நான் மட்டும் கல்யாணமான இரண்டாம் வருடமே மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். "பொண்டாட்டிய விட்டுட்டு ஒரு ராத்திரி இருக்க மாட்டான்" என்று ஊரில் கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஒரே ஒரு அறையும் சமையலறையும் உள்ள வீடு. தூங்குவது, படிப்பது, சண்டை போடுவது எல்லாம் அந்த ஒரே அறையில். அது பழகிவிட்டது. பெரியவள் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் இரண்டு இடிகள் ஒன்றாக விழுந்தன. வகுப்பு ஏற ஏறப் பள்ளிக் கட்டணமும் ஏறும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அந்த வருடமே கம்பெனி வீட்டு வாடகைப் படியையும் நிறுத்திவிட்டது. நான் எத்தனை முறை கணக்குப் போட்டாலும் துண்டு விழுந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அடுத்த ஏப்ரலில் மூன்று பேரையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, நான் அடுக்குக் கட்டிலுக்குப் போய்விடுவது.

முடிவு எடுத்ததில் பெரிய தப்பு இல்லை. அதை யாரிடம் முதலில் சொன்னேன் என்பதில்தான் தப்பு. எங்கள் வீட்டு ஆண்களுக்கு எது முடிவானாலும் முதலில் அண்ணன் காதில் போட்டுவிட வேண்டும், மனைவிக்கு அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். நானும் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். மறுவாரமே எங்கள் பங்கு வீட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருவருக்கும் இடம் சொல்லி வைத்துவிட்டார். நான் பக்குவமான நேரத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அண்ணி வீடியோ காலில் வந்து என் மனைவியிடம், "சுவத்துக் கலரு புடிச்சிருக்கா? நீ வந்து இருக்கப் போற வூடு, சொல்லிட்டா மாத்திடலாம்" என்றார். என் மனைவி எதிரே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க அக்கா" என்று சொல்லி போனை வைத்தாள். சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். எல்லாம் முடிந்த பிறகு, "ஊருக்கே தெரிஞ்சது எனக்குத் தெரியல" என்றாள். நான் வழக்கம்போலக் கத்தினேன். தப்பு என் பக்கம் இருக்கும்போதுதான் எனக்குக் குரல் உயரும். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஜூலை லீவுக்குப் போறோமில்ல. அங்க போயிட்டு என் முடிவச் சொல்றேன்" என்றாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்தவர் பெட்டியை எல்லோரும் பார்க்கத்தான் பிரிக்க வேண்டும். சொந்தக்காரர்கள் கூடத்தில் வந்து உட்காருவார்கள். கயிற்றை அறுத்து ஒவ்வொன்றாக எடுத்து, இது பெரியம்மா வீட்டுக்கு, இது சம்பந்தி வீட்டுக்கு என்று கொடுக்க வேண்டும். பால் பவுடர், சோப்பு, சென்ட், பிஸ்தா, தலைவலித் தைலம். ஒரு வீட்டுக்குத் தைலம் குறைந்துவிட்டால் அடுத்த லீவு வரை பேச்சு வார்த்தை இருக்காது. தனி ஆளாக இருப்பவர் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இதைச் செய்கிறார். நாங்கள் ஒவ்வொரு வருடமும் நான்கு டிக்கெட் எடுத்து, நான்கு பேருக்கு அனுமதித்த எடைக்கு ஒரு கிராம் விடாமல் சாமான் வாங்கி வருவோம். ஸ்டோரில் ஒரு ஸ்குரு குறைந்தாலும் கண்டுபிடிக்கிற நான், இந்தப் பெட்டியைச் செலவு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அந்த ஜூலையில் திருச்சியில் இறங்கியதும், முதலில் அவள் அப்பா ஊருக்குப் போகலாம் என்றாள். பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம் பக்கம். சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம். நாங்கள் போனபோது நடவு வேலை. கல் அடுக்கி, குச்சி பரப்பி, காற்று புகும்படி கட்டி, தென்னங்கீற்று வேய்ந்த வெங்காயப் பட்டறையைப் பிரித்து, விதைக்கு வைத்திருந்த வெங்காயத்தை என் மாமனார் கூடைகளில் அள்ளிக்கொண்டிருந்தார். அவள் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, அழுகலைப் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள். நான் சும்மா நின்றேன்.

"எங்க வூட்ல ஒண்ணுமே இல்லாத வருஷம் ஒண்ணு இருந்துச்சு" என்று தலை நிமிராமல் ஆரம்பித்தாள். "அப்பா மொதல்ல ஆட்ட வித்தாரு. அப்பறம் அம்மாவோட தோடு. மோட்டாரக்கூடக் கழட்டி வித்தாரு. அப்ப வெங்காயம் நல்ல வெலை. யாவாரி வூட்டு வாசல்ல வந்து நின்னு கேட்டான். இந்தப் பட்டறைல மட்டும் கை வெக்கல."

"அதுக்கு என்ன இப்ப?" என்றேன்.

"நீங்க மொதல்லயே பட்டறைல கை வெக்கிறீங்க. நாம நாலு பேரும் ஒண்ணா இருக்கறதுதான் வெதை. அத வித்துட்டு ஆட்டக் காப்பாத்தப் பாக்கறீங்க."

"எது ஆடு?"

"வருஷா வருஷம் நாலு டிக்கெட்டு. அந்தப் பெட்டி. நம்மள சாப்புடுறது அதுதான், பள்ளிக்கூடம் இல்ல. என்னால மூணு வருஷம் ஊருக்கு வராம இருக்க முடியும். புள்ளைங்க அப்பன் இல்லாம இருக்கறத என்னால பாக்க முடியாது."

பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், ஒரு கம்பெனியின் ஸ்டோரையே வைத்துக் கணக்குப் பார்க்கிற எனக்குத் தெரியாததை வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டாள். பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. மாமனார் காதில் எதுவும் விழாதவர் போல அடுத்த கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் எங்கள் வீட்டில் பெட்டி பிரித்தோம். பச்சைச் சுவர் பளபளவென்று இருந்தது. எல்லாருக்கும் எல்லாம் கொடுத்து முடித்ததும் அவள் கூடத்தின் நடுவில் நின்றாள். நான் சொல்ல வேண்டியதை நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்து அவளே சொன்னாள். "நாங்க அங்கேயே ஒண்ணா இருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். இனிமே மூணு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவோம். வரும்போது பெட்டி கொண்டாற முடியாது. யாரும் தப்பா நெனைக்காதீங்க."

அண்ணன்தான் முதலில் பேசினார். "ஏம்மா, வெறுங்கையோட வந்தா ஊர்ல நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசிட்டுப் போறாங்க மாமா."

"நான் இருக்கலையா பதினெட்டு வருஷம்? எம் புள்ளைங்க வளரலையா?"

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தன் பங்குக்கு வந்த தைலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் என்னிடம் பேசுவதை அன்றோடு நிறுத்தினார். பெயிண்ட் செலவை மட்டும் ஒரு முறை ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார், கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு வந்த வருடங்களை எப்படி ஓட்டினாள் என்று நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. பண்டிகைக்குப் புதுத்துணி வருடத்தில் ஒரு முறைதான். வெளியே சாப்பிடுவது என்ற பேச்சே இல்லை. வெள்ளிக்கிழமை சோற்றைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவோம். பெரியவளின் புத்தகங்களுக்கு அட்டை மாற்றிச் சின்னவளுக்கு வைத்திருப்பாள். எதையும் மூக்கால் அழுதுகொண்டு செய்ததில்லை. அதுதான் பெரிய விஷயம். நான் ஒரு நாள் சிக்கனம் பிடித்தால் அதைப் பத்து நாள் சொல்லிக்காட்டுகிற ஆள்.

அவள் தம்பி கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. நான்கு டிக்கெட்டுக்கு வழியில்லை. நீ மட்டுமாவது போய்விட்டு வா என்றேன், ஒரு டிக்கெட்டுக்கும் அவள் சம்மதிக்கவில்லை. முகூர்த்தத்தன்று காலையில் என்னை லீவு போடச் சொன்னாள். குளித்துப் பட்டுப்புடவை கட்டி, பிள்ளைகளுக்குப் பாவாடை கட்டி, என்னையும் வேட்டி கட்ட வைத்து, நான்கு பேரும் பாயில் உட்கார்ந்தோம். எதிரே நாற்காலியில் போன். தாலி கட்டும்போது அவள் கையிலிருந்த அட்சதையைப் போன் மேலேயே போட்டாள். பிள்ளைகளும் போட்டார்கள். அப்புறம் எழுந்து எல்லாருக்கும் இலை போட்டுப் பாயசம் பரிமாறினாள். சமையலறையில் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். நான் உள்ளே போகவில்லை. போயிருக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்தது என்னவென்றும் சொல்ல வேண்டும். தினமும் வேலை முடிந்து வீட்டுக்கு வருவேன். அவ்வளவுதான். பெரியவள் கணக்குப் புத்தகத்தோடு காத்திருப்பாள். செருப்பைக் கழற்றக்கூட விட மாட்டாள். நான் எரிந்து விழுவேன். அவள் பதிலுக்கு எரிந்து விழுவாள், அந்தக் கோபம் என்னிடமிருந்து அவளுக்கு வந்ததுதான். சின்னவள் என் டிபன் பாக்ஸைத் திறந்து, மிச்சம் வைத்திருக்கிறேனா என்று பார்ப்பாள். ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. பணமும் பெரிதாகச் சேரவில்லை. நிலம் வாங்கவில்லை. எங்கள் பங்கு வீட்டுக்கு மாடியும் எழுப்பவில்லை.

எப்போதைக்கும் அங்கேயே இருந்துவிட முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். வேலை இருக்கும்வரைதான் விசா. பெரியவள் பள்ளிப் படிப்பை முடித்தாள். அங்கே கல்லூரி என்பது எங்கள் கைக்கு எட்டாது. அதனால் இந்த வருடம் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் இடம் வாங்கி, ஹாஸ்டலில் சேர்க்க எல்லோருமாக வந்தோம்.

திருச்சி விமான நிலையத்துக்கு அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதற்கு முன்னாலேயே சமாதானம் ஆகிவிட்டிருந்தது. ஒரு நாள் அவராகப் போன் செய்து, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டார், நானும் சொன்னேன். அவர் மகன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறான், தனியாக. அவன் மனைவியும் குழந்தையும் அந்த மாடி வீட்டில் இருக்கிறார்கள்.

ஹாஸ்டலுக்கும் அண்ணன் கூடவே வந்தார். ஆபீசில் வார்டன் அம்மா நல்ல மாதிரி. பாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்பா வெளிநாடா? அப்ப கவலையே இல்லைங்க சார். உள்ளூர்ப் புள்ளைங்கதான் மொத மாசம் அழுது ரகளை பண்ணும். வெளிநாட்டுக்காரங்க புள்ளைங்க சீக்கிரம் செட் ஆயிடும். அப்பா இல்லாம இருந்து அதுங்களுக்குப் பழக்கம்."

என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அழாமல் இருந்தவளுக்கு அப்போது கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "எனக்குப் பழக்கம் இல்லைங்க மேடம்" என்றாள். "எங்க அப்பா தெனம் வூட்டுக்கு வந்துருவாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது, நான் அதை மறைக்கவில்லை. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே எதுவும் இல்லாத மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தவர் எங்கள் பக்கம் திரும்ப நேரமானது.

என் மனைவிதான் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "மேடம், போன் பேச எப்ப விடுவீங்க?"

"சாயந்திரம் ஆறுலேர்ந்து ஏழுங்க."

"இவளுக்கு மட்டும் ஏழரைக்கு விடுங்க மேடம். அப்ப அங்க ஆறு மணி. அவரு வேலை முடிஞ்சு வூட்டுக்குள்ள வர்ற நேரம்."

வார்டன் அம்மா பேனாவை எடுத்து, மகள் பெயருக்கு எதிரே ஏழரை என்று எழுதிக்கொண்டார்.