ஜாமெட்ரி பாக்ஸுக்குள் ஒரு பேட்டரி

போன மாதம் கே.கே. நகர் வீட்டுக்குப் போயிருந்தேன். உப்பிப்போன பவர் பேங்க் ஒன்றை வாழைப்பழத் தோலோடு குப்பைக் கவரில் போட்டு அப்பா முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பிடுங்கி எடுத்தேன். டேப் ஒட்டி, மணல் போட்ட டப்பாவில் வைத்து, பழைய பேட்டரி வாங்கிக்கொள்ளும் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

“இதுக்கா இம்புட்டுக் கோவம்?” என்றார் அப்பா. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. என் கோபம் கூடியது அதற்குத்தான்.

அது நடந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா அறிவியல் வாத்தியார். அவருடைய போன் பேட்டரி வீங்கி, பின்மூடி மூடாமல் நின்றது. அதைக் கழற்றித் தரையில் வைத்து விரலால் சுண்டினார். பம்பரமாகச் சுற்றியது. சுற்றினால் பேட்டரி போச்சு என்று அர்த்தம். ஊரில் எல்லோருக்கும் இந்தச் சோதனை தெரியும், போனதை என்ன செய்வது என்பதுதான் தெரியாது. எங்கள் வீட்டு அறிவியல் அதை எனக்கு விளையாடக் கொடுத்தது.

மூடி உடைந்த என் தகர ஜாமெட்ரி பாக்ஸில் அதை வைத்துக்கொண்டேன். பெட்டியின் அடியில் காம்பஸ் முனையால் ‘சுபா’ என்று கீறியிருந்தேன். சில நாள் கழித்து வீட்டைச் சுத்தம் செய்த அம்மா, பெட்டியை அப்படியே குப்பைக் கூடையில் போட்டாள். நான் பார்த்தேன். புதுப் பெட்டி கிடைக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

தெருவில் குப்பை வாங்க ஓர் அக்கா தள்ளுவண்டியோடு வருவார். தினமும் அவர் வண்டியில் கூடையைக் கவிழ்த்தோமே தவிர, பெயரைக் கேட்டதில்லை. வண்டி கொள்ளாவிட்டால் மேலே ஏறிக் குதிகாலால் மிதித்து அமுக்குவார். என் பெட்டி வண்டியில் விழுந்த அன்றும் அப்படித்தான் மிதித்தார். புஸ்ஸென்று சீறி வெள்ளைப் புகை வந்தது. கீழே குதிப்பதற்குள் தீ பிடித்துவிட்டது. பாதம் வெந்துபோனது.

சூப்பர்வைசர் நம்பவில்லை. சுமக்கச் சோம்பல்பட்டு அவரே குப்பையைக் கொளுத்தியிருக்கிறார் என்றாராம். குப்பையைக் கொளுத்தினால் வேலை போய்விடும். மறுநாள் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் கருகிப்போன என் பெட்டி.

“நான் கொளுத்தல சார். இதுக்குள்ள என்னமோ இருந்து வெடிச்சிருச்சு. எங்க வீட்டுக் குப்பைதேன்னு சூப்பர்வைசர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, அம்புட்டுதேன்.”

அம்மா அடுப்பில் ஏதோ இருப்பதுபோல உள்ளே போய்விட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அப்பாவுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“இந்த டப்பா எல்லா வீட்லயும்தான் இருக்கும். கொளுத்திட்டு இங்க வந்து கதை சொல்லாத.”

வகுப்பில் பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைக்கிறவர் அவர். நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அப்படி நின்ற அந்தப் பிள்ளையை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருக்கிறது.

அக்கா பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நொண்டிக்கொண்டே இரண்டு எட்டு வந்து என் கையில் அதை வைத்தார். கீறிய பக்கம் மேலே இருந்தது.

“வச்சுக்க சுபா. வாரேன்.”

வாரேன் என்றவர் வரவில்லை. அடுத்த வாரம் வேறொருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவரிடமும் நாங்கள் பெயரைக் கேட்கவில்லை.

அப்பாவிடம் பெயரைக் காட்டிக் கொடுக்காமல் அக்கா என்னைக் காப்பாற்றிவிட்டார் என்றே வெகுநாள் நம்பியிருந்தேன். அவரிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பெட்டி. அதில் என் பெயரே இருந்தும், வாத்தியார் ஒருவர் இல்லையென்று சொன்ன பிறகு அது எங்கேயும் செல்லாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது எனக்கு அது புரியவில்லை. மன்னித்துவிட்டார் என்று நினைத்து, அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.