மட்கார்டில் சந்தனம்

என் வீட்டுக்காரர் ரப்பர் எஸ்டேட் பெரிய துரையின் டிரைவர். துரை ஆறு மாத லீவில் சீமைக்குப் போனபோது, தன் கறுப்புக் காரை எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், இவர் பொறுப்பில் விட்டுப் போனார். அந்த லீவில்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. ஐந்து மாதத்தில் அவர் என் முகத்தைப் பார்த்ததைவிட அந்தக் காரைப் பார்த்ததுதான் அதிகம். பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கக் காருக்குத்தான். முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணை ஊறவிடுவார். சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. மலாக்கா டவுனில் வாங்கிய டின் மெழுகை விரல் நுனியில் எடுத்து, சின்னச் சின்ன வட்டமாகப் பூசி, அது காய்ந்து வெளுத்ததும் பழைய வேட்டித் துணியால் துடைப்பார். கதவில் என் மூக்குத்தி தெரியும். எனக்குக் கிடைத்தது சக்கரம் மட்டும்.

"மேல கை வச்சிடாத புள்ள," என்பார்.

துரை தம்பின் ரயில் ஸ்டேஷனில் வந்து இறங்குவதற்கு முதல் நாள் அது. அன்றைக்கு ஆயுத பூஜை வேறு. இவர் காலையிலேயே ஆபீசுக்குப் போய்விட்டார். நான் சக்கரங்களில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் கழுவி முடித்தபோது, முன் மட்கார்டில் தார்ப் புள்ளிகள் கண்ணில் பட்டன. டவுன் ரோட்டுக்கு அப்போது தார் போட்டுக்கொண்டிருந்தார்கள்; முந்தின நாள் பெட்ரோல் போட இவர் காரை அந்த வழியாகத்தான் ஓட்டிப் போனார். அவர் வருவதற்குள் எடுத்துவிட்டால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும் என்பது எனக்குத் தெரியாது. பித்தளைக் குடம் துலக்கிய கை. புளி, சாம்பல், தேங்காய் நார் மூன்றையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

தார் போய்விட்டது. ஈரம் காய்ந்ததும் பார்த்தால், இரண்டு கை அகலத்துக்குக் கறுப்பும் மங்கி, துடைத்த சிலேட்டைப் போல் வெளிறிக் கிடந்தது.

அவர் வந்து பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"வேலை போச்சு புள்ள," என்று மட்டும் சொன்னார்.

வேலை போனால் வீடும் போகும். ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர் டிரைவரானதே பெரும்பாடு. திரும்பவும் கத்தியை எடுத்துக்கொண்டு விடிகாலையில் பெரட்டுக்கு, பேர் கூப்பிடும் வரிசையில், நிற்க வேண்டும். இருவரும் உட்கார்ந்து மதியம்வரை மெழுகு போட்டோம். வெளிறல் குறைந்தது, மறையவில்லை.

பூஜை நேரத்தில் அவர் சந்தனக் கிண்ணத்தோடு கார் முன்னால் போய் நின்றார்.

"ஏங்க, மட்கார்டுல வச்சா சாமி கோவிச்சுக்குமா?" என்று கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடம் முழுக்கச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரமும் போட்டார். அவ்வளவு பெரிய பொட்டை நான் எந்த வண்டியிலும் பார்த்ததில்லை.

மறுநாள் அவர் தம்பின் போய்த் திரும்பும்வரை அடுப்பு மூட்டவும் தோன்றவில்லை. வாசலிலேயே நின்றேன். வந்தவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"துரை காரைச் சுத்தி வந்தாரு. சந்தனத்த வெரலால வழிச்சுப் பாத்துட்டாரு. யார் செஞ்சதுன்னாரு. நான்தான்னேன்."

"ஐயோ, அப்புறம்?"

"ஆறு வருசமா உன் கையை எனக்குத் தெரியும், பொய் சொல்லாதன்னாரு. நான்தாங்க துரைன்னு மறுபடியும் சொன்னேன். வெரல்ல இருந்த சந்தனத்தத் தொடைச்சுக்கிட்டாரு. அப்புறம் ஏறி உக்காந்து, வீட்டுக்குப் போன்னுட்டாரு."

"வேலை?"

"இருக்கு."

சொல்லிவிட்டு மெழுகு டின்னை என் கையில் வைத்தார். "இனிமே அந்த மட்கார்டு உன்னோடது."

அந்தக் காரைவிட நான் கொஞ்சம் மேல் என்று அன்றைக்குத்தான் நம்பினேன். கொஞ்சம்தான்.