அப்பிள் மரத்தின் இருபத்து மூன்று இலைகள்

சென்ற மாதம் என் இளைய மகன் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ஒரு பூவரசங் கிளையின் இலைகளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். என்ன முணுமுணுக்கிறீர்கள் என்று தாதி கேட்டபோதுதான் நான் எண்ணுவதே எனக்குத் தெரிந்தது. மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். சோறு பிந்தினால் சண்டையும் பிடிக்கிறான். என் கைதான் இன்னும் அவன் நெற்றியை விட்டு வர மறுக்கிறது.

இலை எண்ணும் பழக்கம் எனக்கு ஏழு வயதில் வந்தது.

அப்போது நாங்கள் கடலோர ஊரான மருதமுனையில் இருந்தோம். வாப்பா வீட்டிலேயே தறி நெய்தார். தம்பி பிறந்த நாற்பதாம் நாள், குளிர் மலையூரான நுவரெலியாவில் கடையொன்றில் வேலை செய்த மாமா, அதாவது உம்மாவின் தம்பி, பிஸ்கட் டின் ஒன்றை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்து இறங்கினார். டின்னுக்குள் ஒரு முழ உயரத்தில் அப்பிள் கன்று. உம்மா உண்டாகியிருக்கும் சேதி கேட்ட அன்றே தானே விதை போட்டு முளைக்க வைத்ததாம். எங்கள் தெருவில் அப்பிளைத் தின்றவர்களைவிடப் படத்தில் பார்த்தவர்களே அதிகம். கிணற்றடி மணலில் அதை நட்டபோது அரைவாசித் தெரு கூடிவிட்டது.

"இது மருமகன்ட மரம்" என்றார் மாமா. "ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. மரம் தழைச்சா அவனும் தழைப்பான். மரம் வாடினா அவனும்..." மீதியைச் சொல்லாமல் தம்பியின் கன்னத்தைக் கிள்ளினார்.

வாப்பாவின் முகம் மாறியது. "உசிரு அல்லாட கையில, மச்சான். அதக் கொண்டுபோய் மரத்தில கட்டாத."

"பகிடிக்குத்தானே மச்சான் சொன்னன்."

பகிடி, வெறும் விளையாட்டுப் பேச்சு என்று பெரியவர்கள் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. மரத்தைப் பார்க்கும் பொறுப்பை மட்டும் மாமா என்னிடம் தந்துவிட்டுப் போனார். காலையும் மாலையும் தண்ணீர், ஆடு கடிக்காமல் வேலி, வெயிலுக்குத் தென்னோலைக் கிடுகுப் பந்தல். "குளிர்தான் மகள் இதுக்குச் சோறு" என்பது அவருடைய கடைசி உபதேசம். கன்றில் இருபத்து மூன்று இலைகள் இருந்தன. நான் தினமும் எண்ணினேன்.

வறண்ட கச்சான் காற்று தொடங்கியதும் மணல் கொதித்தது. பந்தல் போட்டும் இலைகள் தலையைத் தொங்கப் போட்டன. சோறில்லாமல் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் குளிர் இருந்த ஒரே இடம் கடற்கரையில் மீன் வாங்கி விற்கும் வாடிக்காரரின் ஐஸ் பெட்டி. உமியால் மூடிய அந்தப் பெட்டியின் அருகே போய் நின்றேன்.

"எதுக்குகா புள்ள ஐஸு? சர்பத்துப் போடவா?"

"அப்பிள் மரத்துக்கு."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப ராவைக்குப் போர்வையும் போத்திவிடு, தடிமன் புடிச்சிரும்" என்றபடி, பெட்டியின் அடியில் கிடந்த துண்டுகளைச் சிரட்டையில் அள்ளித் தந்தார். எட்டு நாள் தந்தார். எட்டு நாளும் நான் அதை வேரடியில் புதைத்தேன். மீன் கெடாமலிருக்க ஐஸோடு உப்பும் கலந்து வைப்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

ஒன்பதாம் நாள் இலைகளின் ஓரம் தீப்பட்டதுபோல் கருகியிருந்தது. பத்தாம் நாள் ஆறு இலைகள் மணலில் கிடந்தன. அன்று பகலே தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் காலை அவன் உடம்பு விறைத்து, கண் மேலே செருகியது. உம்மா குழறிய குழறலில் தறிச் சத்தம் நின்றது. வாப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினார். பின்னால் உம்மா. கல்முனை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள் என்று உச்சிப் பொழுதில் சேதி வந்தது.

பக்கத்து வளவில் இருந்த சாச்சி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. மரத்தடியில் பதினான்கு இலைகள் கிடந்தன. கிளையில் ஒன்பது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று கழன்றது. எட்டு.

தறியடிக்கு ஓடி நூற்கண்டு ஒன்றை எடுத்துவந்தேன். பாவில் அறுந்த இழையை முடிக்க வாப்பா எனக்குப் பழக்கியிருந்தார். முடிச்சு இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பார். விழுந்த இலைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் காம்பையும் கிளையோடு வைத்துக் கட்டினேன். முடிச்சை இறுக்கியதில் இரண்டு இலைகள் நொறுங்கிப்போயின. அவற்றைச் சட்டைப் பைக்குள் ஒளித்தேன்.

பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லி முடிந்த நேரம் வாப்பா வந்தார். உம்மாவுக்கு மாற்றுடுப்பு எடுக்க வந்தவர், கிணற்றடியில் என்னைக் கண்டு நின்றார்.

"என்ன மகள் செய்றா?"

நான் அழத் தொடங்கினேன். "நான்தான் வாப்பா தம்பிய இப்படி ஆக்கினன். ஐஸ் வெச்சன். மரம் செத்துட்டு."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்தபோது அவர் மணலில் குந்தியிருந்தார். மாமாவின் பேச்சுக்கு அன்று முகம் சுளித்தவர், ஐந்து வேளையும் தொழப் பள்ளிவாசலுக்குப் போகிறவர், என் கையிலிருந்த நூற்கண்டை வாங்கினார். ஒரு இலையை எடுத்தார். முடிச்சு வழுக்கியது. தெருவிலேயே கை சுத்தமான நெசவாளி என்று பெயர் எடுத்தவருக்கு மூன்று தரம் வழுக்கியது.

"இன்னும் கிடக்கா பாரு" என்றார். குரல் அவருடையதாக இல்லை.

"ரெண்டு பொடிஞ்சு போச்சு, வாப்பா."

"அதையும் தா."

சட்டைப் பையிலிருந்த தூளைக் கொடுத்தேன். அதை வெள்ளைத் துணித் துண்டொன்றில் பொட்டலமாக முடிந்து, அடிக்கிளையில் தொங்கவிட்டார். பிறகு ஒவ்வொரு இலையாகத் தொட்டு எண்ணினார். பொட்டலத்தை இரண்டாகக் கணக்கெடுத்தார். இருபத்து மூன்று வந்ததும் எழுந்து, உடுப்பை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனார்.

ஆறாம் நாள் தம்பி வீட்டுக்கு வந்தான். மரம் பிழைக்கவில்லை. நூல் கட்டிய அந்தக் குச்சியை வாப்பா வெகுநாள் பிடுங்கவில்லை. யாராவது கேட்டால், புள்ளை விளையாட்டு என்பார்.

எனக்கு அடி விழாததில் அன்று பெரிய ஆறுதல். என் அழுகையை நிறுத்தத்தான் வாப்பாவும் உட்கார்ந்து கட்டினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சென்ற மாதம் அந்த ஜன்னலோரம் நானே எண்ணும்வரை.