செரோக்கிக்காரருக்காக நான் வெட்டிய வரி

கடைவாசல்களில் இலவசமாக அடுக்கி வைக்கும் எங்கள் தமிழ் வாரப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுபவனும் நான், பக்கம் கட்டுபவனும் நான். இரண்டையும் ஒருவனிடம் விடக்கூடாது.

அந்தக் கிழமை செரோக்கி மக்களைப் பற்றி எழுதியிருந்தேன். அமெரிக்காவின் தென்பகுதியில் வாழ்ந்த பூர்வகுடிகள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஒருவர் அவர்களுடைய மொழிக்குத் தானே எழுத்து உண்டாக்கினார். சில வருடங்களில் அந்த எழுத்தும் ஆங்கிலமும் அருகருகே வர, சொந்தப் பத்திரிகையே அடித்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கு அந்த மனிதரை விட்டு வர மனம் வரவில்லை. நீட்டிவிட்டேன். பக்கம் போதவில்லை.

கீழே ஒரு மரண அறிவித்தல். இன்னாரின் மனைவியும், இன்னாரின் தாயும், மாமியும் என்று உறவுகள் சுவிஸ், லண்டன், எங்கள் பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில் என்று எல்லாம் சுற்றி வந்தன. கடைசி உறவு இருந்த வரியைத் தூக்கினேன். 'ஆவார்' என்பதை மேல் வரியில் ஒட்டினேன். வசனம் பிழையில்லாமல் நின்றது. அதுதான் வினை.

வெள்ளி காலை செத்தவரின் மகள் ஃபோன் எடுத்தார். சத்தம் போடவில்லை. "அங்கிள், மாமாவின்ர பேர் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

தாய்க்குக் கூடப்பிறந்தது அந்த ஓர் அண்ணன்தானாம். ஒரு கலியாணப் பேச்சில் உறவு முறிந்து, பதினொரு வருடமாக இரு பக்கமும் கதை இல்லை. ஃபோன் எடுத்தால் அவர் வைத்துவிடுவார், பேப்பரில் தன் பெயரைக் கண்டால் வருவார் என்று மகள் நம்பியிருந்தார். நல்லதுக்குச் சொல்லவேணும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டால் போதும் என்பார்கள் எங்கள் சனம். உண்மைதான். ஆனால் பட்டியலில் தன்னை மட்டும் விட்டிருந்தால், அது வாசல் படலையை முகத்தில் சாத்தினது போலத்தான். சனி உடலைப் பார்வைக்கு வைக்கிறார்கள், ஞாயிறு தகனம். எங்கள் அடுத்த இதழோ அடுத்த வெள்ளி.

அறிவித்தலுக்கென்று மகள் கையால் எழுதித் தந்த தாளைப் பத்திரிகைக் கந்தோரில் தேடி எடுத்துக்கொண்டு, அந்த அண்ணன் இருக்கும் மோர்னிங்சைட்டுக்குக் காரை விட்டேன். வழியில் ஒரு கடையில் இறங்கி, மிச்சப் பேப்பர்களை அள்ளிவிடலாம் என்று பார்த்தேன். அடுக்கு பாதியாகிவிட்டிருந்தது. ஒருவர் அதை விரித்து வைத்து மீன் வாங்கக் காத்து நின்றார். திரும்பவும் காரில் ஏறினேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அந்தத் தாள் பக்கத்து இருக்கையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

கதவைத் திறந்த பெரியவரின் பின்னால், மேசையில் எங்கள் பேப்பர் விரிந்து கிடந்தது. நான் யார் என்று சொன்னேன். இடம் போதாமல் வெட்டியது நான்தான், உங்கள் தங்கச்சியின் மகள் இல்லை என்றேன்.

"அவள் வெட்டினதை நீர் வந்து சுமக்கிறீர்," என்றார். "நல்ல மனிசன்தான்."

"இல்லை அண்ணை. செரோக்கிக் கட்டுரை நீண்டு போச்சு."

"அதையும் வாசிச்சனான். அந்தச் சனமும் செத்தவையின்ர உறவை வெட்டித்தான் பேப்பர் அடிச்சவையோ?"

தாளை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, நின்றபடியே வாசித்தார். கடைசி வரியில் அவருடைய பெயர் இருந்தது. அதன் ஓரத்தில் மகள், 'இது கட்டாயம் வரவேணும்' என்று எழுதிக் கோடும் இழுத்திருந்தார். தட்டெழுதியது வேறொருவர் என்பதால், அன்று காலை வரை நான் அதைக் காணவேயில்லை.

அவர் அந்த வரியை மட்டும் வாய்விட்டு வாசித்தார். தன் பெயர், பிறகு 'அவர்களின் பாசமிகு தங்கையும் ஆவார்'. மற்ற உறவுகளை அவர் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை திருத்தம் போட அந்தத் தாள் எனக்கு வேண்டும் என்றேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"உது என்னட்ட இருக்கட்டும்," என்றார். "நாளைக்கு என்னைக் காரில ஏத்த எத்தினை மணிக்கு வாறீர்?"