வாசக்கால் சிவப்பான கதை

கருங்குழியில் கட்டும் எங்கள் வீட்டுக்கு மருமகள் கம்ப்யூட்டரில் வேலைத்திட்டம் போட்டிருக்கிறாள். இன்று பார்த்தேன். சுவர் முடிந்த பிறகு வாசக்கால் என்றிருந்தது.

"வாசக்கால் வெச்சி பூஜை போட்டாத்தான் செவுரே ஏறும்மா" என்றேன்.

மாற்றினாள். திரையில் வாசக்கால் சிவப்பானது. சிவப்பு வேலை தாமதமானால் வீடே தாமதமாகுமாம். மரம் காய ஆசாரி ஒரு மாதம் கேட்டிருந்ததால், கார்த்திகை கிரகப்பிரவேசம் மார்கழிக்குப் போனது. மார்கழியில் யார் பால் காய்ச்சுவார்கள்?

காய்ந்த மரம் வைத்திருப்பவர் இன்னொரு ஆசாரிதான். மகள் வீட்டுக்குக் கோணல் கதவு போட்டவர். பதினோரு வருடமாக நான் அவரிடம் பேசவில்லை. போன் செய்தேன்.

"இன்னா பெரிம்மா, கோவம் போச்சா?"

"போகல. வெள்ளிக்கிழமை வாசக்கால் வேணும்."

"வந்து எடுத்துக்கோ."

திட்டத்தில் கிரகப்பிரவேசம் கார்த்திகைக்கே திரும்பி வந்தது.

"சமாதானத்த எங்க போடறது அத்தை?" என்று சிரித்தாள் மருமகள்.

பால் காய்ச்சிய பிறகு போடச் சொன்னேன். அது சிவப்பில் வராது, அவசரமில்லை. நீங்கள் யாரைத் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள்?